கழற்றிய பாகம்

"இப்பவே மாத்திடுறது நல்லது. அப்புறம் நடுவழியில நின்னுட்டா எங்களைச் சொல்லக்கூடாது."

இந்த வாக்கியத்தை நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வேன் என்று எனக்கே தெரியாது. கார் சர்வீஸ் சென்டரில் முன்மேசை என்னுடையது. வண்டியைக் கொண்டுவருகிறவர்களிடம் குறை கேட்பதும், மெக்கானிக் கண்டுபிடித்ததை அவர்களுக்குப் புரிகிற மாதிரியோ, தேவைப்பட்டால் புரியாத மாதிரியோ எடுத்துச் சொல்வதும் என் வேலை. சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். ஆளைப் பார்க்கக் கூடாது, வண்டியைப் பார்க்க வேண்டும். வண்டிமேல் அவரைவிட நமக்குத்தான் அக்கறை என்பதுபோல ஒரு சின்னப் பெருமூச்சு. அவ்வளவுதான், எப்பேர்ப்பட்ட ஆளும் தலையாட்டிவிடுவார்.

அதனால்தான் டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஆபரேஷன்தான் பண்ணணும். இப்பவே தேதி வச்சுக்கிறது நல்லது. வலி வந்தப்புறம் ஓடி வந்தீங்கன்னா என் கையில எதுவும் இல்ல" என்றபோது எனக்குச் சுருக்கென்றது. அது என் வாக்கியம். பெருமூச்சுகூட அச்சு அசலாக என்னுடையது.

எட்டு மாதம் முடிந்திருந்தது. அதுவரை எந்தத் தொல்லையும் இல்லை. காலையில் வேலைக்குப் போனேன், சாயங்காலம் வந்தேன், மூன்று வேளையும் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். இப்போது திடீரென்று இப்படி.

"என்ன பிரச்சனைன்னு சொல்றீங்களா?"

டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்பும் சாம்பலுமாக ஏதோ அசைந்தது. "இது நஞ்சுக்கொடி. மேல இருக்க வேண்டியது. உங்களுக்குக் கீழ எறங்கி, கர்ப்பப்பை வாய அடைச்சுக்கிட்டு படுத்திருக்கு. குழந்தை வர்ற வழியே அதுதான். வாய் திறக்க ஆரம்பிச்சா இது பிய்ஞ்சு ரத்தம் கொட்டும். நிக்காது."

"தானா நகர்ந்துடாதா?"

"இனிமே நகராது."

"கண்டிப்பாவா?"

"கண்டிப்பா."

எங்கள் தொழிலில் கண்டிப்பாக என்று சொல்கிறவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க வேண்டும். திரையில் அவர் விரல் வைத்த இடத்தை நானும் பார்த்தேன். பார்த்து, "ஓகோ" என்றேன்.

இந்த ஓகோவும் எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். பானெட்டைத் திறந்து இதைப் பாருங்கள், அதைப் பாருங்கள் என்று காட்டும்போது எல்லா வாடிக்கையாளரும் குனிந்து பார்த்துவிட்டு ஓகோ என்பார்கள். ஒரு எழவும் புரிந்திருக்காது. புரியவில்லை என்று சொல்ல வெட்கம், மறுத்துவிட்டு நடுவழியில் நிற்கப் பயம், இரண்டும் சேர்ந்தால் ஓகோ.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மேசை இழுப்பறையில் தேய்ந்து கட்டையாகிப்போன பிரேக் பேடு ஒன்று இருக்கிறது. மானேஜர் வைத்தது. பிரேக் பேடு மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஆள் யோசித்தால், அதை எடுத்து நீட்டுவோம். "இதோ, உங்க வண்டியில கழட்டினது." யாருடைய வண்டியில் எந்தக் காலத்தில் கழற்றினார்களோ, ஊரில் பாதிப் பேர் அதைத் தம்முடையது என்று நம்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இழுப்பறைக்குச் சொந்தக்காரி நான், திரையில் காட்டிய சாம்பலை என்னுடையது என்று எப்படி நம்புவேன்?

அறையைவிட்டு வெளியே வந்ததும் வரவேற்பு மேசைப் பெண், "தனி ரூமா, ஷேரிங்கா?" என்றாள். நான் இன்னும் சரி என்றே சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று கர்ப்பிணிகளிடம் பேச்சுக்கொடுத்தேன். மூன்று பேருக்கும் ஆபரேஷன். ஒருத்திக்குக் குழந்தை பெரிசாம், ஒருத்திக்கு இடுப்பு சிறுசாம், இன்னொருத்திக்கு என்னவென்று அவளுக்கே தெரியவில்லை.

"பாத்தீங்களா?" என்றேன் கணவரிடம், ஆட்டோவில் வரும்போது.

"டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா."

அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். யார் எது சொன்னாலும் நம்பும் பிறவி. என்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதே தரகர் சொன்னதை நம்பித்தான்.

"உங்க கடையில கண்ணு நல்லா இருக்கறவங்களுக்கும் ஒண்ண மாட்டித்தானே அனுப்புறீங்க?"

"அது கூலிங் கிளாஸ்."

"இதுவும் ஒரு கூலிங் கிளாஸ்தான். தேவையில்லாததை மாட்டி விடுறாங்க."

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். என்னோடு வாதாடி ஜெயித்த அனுபவம் அவருக்கு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். அவளிடம் கேட்கவே வேண்டாம், கதை கையில் தயாராக இருக்கும். "எனக்கும் இப்படித்தான்டி. வயித்துல தண்ணி வத்திப்போச்சு, இன்னைக்கே அறுக்கணும்னு அவசரப்படுத்தினாங்க. அறுத்தப்போ தண்ணி குபுகுபுன்னு கொட்டி டாக்டரோட செருப்பெல்லாம் நனைஞ்சுபோச்சாம். தொடைச்ச ஆயா என்கிட்ட சொன்னா. வத்திப்போன தண்ணி எங்கருந்துடி வந்துச்சு?"

அந்தச் செருப்புக் கதையை நான் நூறு முறை கேட்டிருக்கிறேன். அக்கா பிறகு பல மாதம் நிமிர்ந்து நடக்கவில்லை. குழந்தை அழுதால் குனிந்து தூக்க முடியாமல் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வலியைவிட, தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்பதுதான் அவளை இன்றுவரை அரிக்கிறது. எனக்கும் அதே ரத்தம். சாவதற்குப் பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏமாறுவதற்கு அதைவிடப் பயம்.

"வீட்டுக்கே வந்து பிரசவம் பாக்குற சிஸ்டர் ஒருத்தங்க இருக்காங்க" என்றாள் அக்கா. "பெரிய ஆஸ்பத்திரியில பிரசவ வார்டுல இருந்தவங்க. எங்க எதிர்வீட்டுப் பொண்ணுக்கு ரெண்டு பிரசவமும் அவங்கதான் பாத்தாங்க. போய்ப் பாரு."

வேறொரு இடத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் நாலு மெக்கானிக் கடை உண்டு. வெளியே பார்த்தால் ஜென்மப் பகை. உள்ளே, ஒருவன் சொன்னதை இன்னொருவன் மறுக்க மாட்டான், இன்று நான் உன்னைக் காட்டிக்கொடுத்தால் நாளைக்கு நீ என்னைக் காட்டிக்கொடுப்பாய். டாக்டர்கள் மட்டும் வேறு மண்ணிலா முளைத்தார்கள்? எந்தக் கூட்டத்திலும் சேராத ஆள்தான் எனக்கு வேண்டியிருந்தது.

மருத்துவச்சியின் வீட்டு முன்னறையில் ரப்பர் விரிப்புப் போட்ட கட்டில், துணி மூடிய எஃகுத் தட்டு, குழந்தை எடை பார்க்கும் தராசு, மூலையில் ஆக்சிஜன் சிலிண்டர். எல்லாம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அவர் என் வயிற்றைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது, உடனே சந்தேகமும் வந்தது. எதற்கு இத்தனை கரிசனம்?

"தலை கீழதான் இருக்கு" என்றார். கையை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். "ஆனா எறங்கல. மேலயே மெதக்குது. இந்நேரம் கொஞ்சம் எறங்கியிருக்கணும். ஸ்கேன்ல ஏதாவது சொன்னாங்களாம்மா?"

இந்த இடத்தில் எங்கள் தலைமை மெக்கானிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, ஸ்பேனர் அண்ணன் என்றால்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது: "தங்கச்சி, முதல் கடையில சொன்னத ரெண்டாவது கடையில மூச்சு விடக்கூடாது. சொன்னா அவனும் அதையேதான் சொல்லுவான். சொல்லாம விட்டா, அவனா கண்டுபிடிக்கிறானா பாரு. கண்டுபிடிச்சா உண்மை, இல்லன்னா முதல் கடைக்காரன் திருடன்."

"ஒண்ணும் சொல்லல சிஸ்டர்" என்றேன். "எல்லாம் நல்லா இருக்குன்னாங்க."

"நஞ்சு எங்க இருக்காம்?"

"மேலதான்."

வாய் கூசவில்லை. கேள்வித்தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு விடையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்ட திருப்திதான் இருந்தது.

"ரிப்போர்ட் கொண்டு வரலியா?"

"வீட்டுல இருக்கு."

"சரி, நீங்க வெவரமா பேசுறீங்க, நம்பறேன். அடுத்த தடவை கொண்டு வாங்க." எஃகுத் தட்டின் துணியை விலக்கினார். கையுறைப் பொட்டலத்தைப் பிரித்து வலது கையில் மாட்டிக்கொண்டார். "தலை ஏன் எறங்கலன்னு உள்ள ஒரு தடவ விரல் வச்சுப் பாத்துடறேன். கால மடக்குங்க."

காலை மடக்கினேன். அப்போது அவர் போன் அடித்தது. எங்கோ ஒருத்திக்கு வலி கண்டுவிட்டது. பேசிக்கொண்டே கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா. இப்ப ஓடணும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கையால் தொட்டுப் பார்த்தும் அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஆகவே எதுவும் இல்லை. டாக்டரம்மாவின் குட்டு உடைந்துவிட்டது. இதைத்தான் என் மூளை அன்றைக்குக் கணக்குப் போட்டது.

"டாக்டர் சொன்னத அவங்ககிட்ட சொன்னியா?" என்றார் கணவர்.

"சொல்லாம இருப்பேனா?"

நம்பிவிட்டார். அவரிடம் பொய் சொல்வது தூங்குகிறவர் தலையணையை உருவுவது போல. அவ்வளவு சுலபம், அவ்வளவு அசிங்கம்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் காலையில், தொப்பி போட்ட ஒருவர் சாம்பல் நிறக் காரை மிக மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்.

"என்ன குறை சார்?"

"குறைன்னு ஒண்ணும் இல்ல. பொதுவா பாருங்க."

"வேற எங்கயாவது காட்டினீங்களா?"

"இல்லியே."

"பிரேக் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

ஸ்பேனர் அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டு போனார். பின்பக்க முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். நான் தொப்பிக்காரருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பக்கூட இல்லை, இரும்புத் தகடு கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பழைய டயர் அடுக்கைச் சரித்துத் தள்ளிவிட்டுச் சாம்பல் கார் சுவரில் முட்டி நின்றிருந்தது. அண்ணன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது.

"மிதிச்சா பெடல் அப்படியே தரைக்குப் போவுது. பிரேக்கே இல்ல" என்றார். "அந்தப் பக்கம் கார் கழுவுற பசங்க நின்னுட்டிருந்தாங்க. சுவத்துப் பக்கம் ஒடிச்சேன்."

தொப்பிக்காரர் பின்னாலேயே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "நேத்து வேற ஒரு கடையில பிரேக் ஆயில் ஒழுகுது, ஓட்டாதீங்கன்னு சொன்னாங்க. காசு புடுங்கப் பாக்குறான்னு நெனச்சேன். அதான், நீங்களா கண்டுபிடிக்கிறீங்களான்னு பாக்கலாம்னு சொல்லல. ஹேண்ட் பிரேக்க வச்சே உருட்டிட்டு வந்தேன்."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. "நீங்கல்லாம் மனுஷனா சார்? உங்களுக்குச் சந்தேகம்னா எங்க ஆளு உசுர வச்சா சோதிச்சுப் பாப்பீங்க? கேட்டேன்ல, வாயத் திறந்து கேட்டேன்ல, பிரேக் எப்படி இருக்குன்னு? தெரிஞ்சுக்கிட்டே நல்லா இருக்குன்னு சொன்னீங்களே! ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு தொட்டிருக்கவே மாட்டா..."

வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. கையுறை மாட்டிய ஒரு கை என் கண்முன் வந்தது. காலை மடக்கச் சொன்ன குரல் கேட்டது. வயிற்றுக்குள் குழந்தை ஒரு முறை புரண்டது.

"விடு தங்கச்சி" என்றார் அண்ணன், நெற்றியில் துணியை அழுத்தியபடி. சிரிக்கக்கூட முயன்றார். "நம்ம பாடத்தையே நமக்கு நடத்திட்டாரு."

அன்று அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு நேராக மருத்துவச்சி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். திரையில் பார்த்தது, டாக்டரம்மா சொன்னது, நான் ஒளித்தது, ஏன் ஒளித்தேன் என்பது, எல்லாம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு கையுறை போட்டேனே, ஞாபகம் இருக்கா?" என்றார் கடைசியில். 'நீங்க' இப்போது 'நீ' ஆகிவிட்டிருந்தது. "வாய அடைச்சுக்கிட்டு இருக்கிற நஞ்சுல விரல் பட்டிருந்தா, இதே கட்டில்ல ரத்தம் பீறிட்டிருக்கும். நீயும் போயிருப்ப, உள்ள இருக்கறதும் போயிருக்கும். நான் ஜெயில்ல கெடப்பேன். அந்த போன் வந்ததால தப்பிச்சோம்."

"சாரி சிஸ்டர்."

"தலை எறங்கலையேன்னு என் கை சொல்லிச்சு. என்னமோ தடுக்குதுன்னு தோணிச்சு. நீ மேலதான்னு சொன்ன, விட்டுட்டேன். ரிப்போர்ட்டப் பாக்காம கையுறையத் தொட்டிருக்கவே கூடாது, அது என் தப்பு. என் கைய நம்பாம உன் வாய நம்பினேன் பாரு." எழுந்து செருப்பை மாட்டினார். "வா. எனக்குத் தெரிஞ்ச ஸ்கேன் டாக்டர் ஒருத்தர் இருக்காரு. நானே கூட வரேன்."

அங்கே போய் நான் தடுப்பதற்குள், கதவைத் திறந்த கையோடு மருத்துவச்சியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இவங்களுக்கு நஞ்சு கீழ அடைச்சிருக்குன்னு சொல்லியிருக்காங்க, ஆபரேஷன் சொல்லியிருக்காங்க, சரியான்னு பாருங்க. ஸ்கேன் டாக்டர் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். வேறு ஒரு சாம்பல் படத்தில் வேறு ஒரு விரல், அதே இடம்.

வெளியே வந்ததும் என் புத்தி மறுபடி என்னிடம் வந்துவிட்டது. "நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்க சிஸ்டர். அதனாலதான் அவரும் அதையே சொல்றாரு."

அவர் நடுத்தெருவில் நின்றார். "சொல்லாம கூட்டிட்டுப் போயிருந்தா?"

சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அண்ணன் நெற்றியில் காயம் இருந்தது.

"சொல்லாம விட்டா ஆபத்து. சொன்னா நம்ப மாட்ட. உனக்கு எப்படித்தான் நிரூபிக்கறது, நீயே சொல்லு."

"கழட்டின பாகத்தக் காட்டணும்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. எங்கள் சென்டரில் விவரமான வாடிக்கையாளர்கள் கேட்பது அதுதான்.

"அதுக்கு முதல்ல கழட்டணுமேம்மா" என்றார் மருத்துவச்சி. கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம். "கேட்டுக்கோ. நான் உன் வீட்டுக்கு வர மாட்டேன். ஆள் வச்சுக் கூப்பிட்டாலும் வர மாட்டேன். வீட்டுல பாக்கறதுன்னா என்னன்னு நெனச்ச? எல்லாம் நல்லா இருக்கறவங்களுக்கு மட்டுந்தான் வீடு. மத்தவங்களுக்கு ஆஸ்பத்திரின்னு பிரிச்சு அனுப்பறதுதான் என் வேலையில பாதி."

அவர் போன பிறகும், தன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்றுதான் கழன்றுகொள்கிறார் என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தலாம். பிள்ளை பெற முடியாது போலிருக்கிறது.

கணவரிடம் சாயங்காலம் சொன்னேன். அவர் என்னைத் திட்டி நான் கேட்டதே இல்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நீ யார்கிட்டயும் ஏமாறக் கூடாதுன்னு, எங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்க."

நான் அழுதேன். ஒளிக்காமல் சொல்கிறேன், விக்கி விக்கி அழுதேன். அழுது முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, முதல்முறையாக நேராக யோசித்தேன். டாக்டரம்மா பொய் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு ஒரு தழும்பு, கொஞ்ச நாள் குனிய முடியாது, ஆயுசு முழுக்க அக்காவோடு உட்கார்ந்து திட்டலாம். அவர் சொல்வது உண்மையாக இருந்து நான் வீட்டில் படுத்துக்கொண்டால், திட்டுவதற்கு நான் இருக்க மாட்டேன், என் குழந்தையும் இருக்காது. ஏமாளியாக இருப்பதற்கும் முதலில் உயிரோடு இருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் மண்டையில் ஏற இத்தனை பேரை ஆட்டிவைத்திருக்கிறேன்.

நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வரவில்லை. நம்பாமலேதான் சரி என்றேன்.

அக்காவுக்கு வருத்தம். "கடைசியில உன்னையும் கவுத்துட்டாங்கல்ல" என்றாள்.

தேதி குறித்த அன்று டாக்டரம்மா படுக்கைக்குப் பக்கத்தில் வந்து, "ஏதாவது கேக்கணுமா?" என்றார். கேட்டுக்கொண்டே வேறெதையோ பார்த்தார்.

"ஒண்ணு சொல்லணும். வீட்டுல பிரசவம் பாக்கலாம்னு மருத்துவச்சிகிட்ட போனேன். நீங்க சொன்னத அவங்ககிட்ட மறைச்சேன். அப்புறம் வேற எடத்துல ஸ்கேன் பாத்தேன்." இனி எந்த மேசையிலும் ஒளிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். "ஒண்ணு கேக்கணும். அந்த நஞ்ச எடுத்தப்புறம் எனக்குக் காட்டணும்."

அப்போதுதான் அவர் என் முகத்தை முதல்முறையாகப் பார்த்தார். "எதுக்கு?"

"எங்க சர்வீஸ் சென்டர்ல கழட்டினத காட்டணும்னு ரூல்."

"பாத்தா உங்களுக்குப் புரியுமா?"

"புரியாது. ஆனா காட்டணும்."

"காட்டறேன்" என்றார். குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழ் மரத்துப்போயிற்று. மார்புக்கு நேரே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். கணவரைத் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். தலையில் தொப்பியும் வாயில் முகமூடியுமாக, கண்ணாடியில் ஆவி படர்ந்து, அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. என் கையை மட்டும் விடவில்லை.

நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. யாரோ யாருடைய லீவைப் பற்றியோ பேசினார்கள். திடீரென்று பேச்சு அறுந்தது. டாக்டரம்மாவின் குரல் மாறியது. "உறிஞ்சு. இன்னும். வேகமா." பிறகு, "பிள்ளையப் பிடி." பிறகு, "ரத்தம் தொங்க விடு. இன்னொண்ணு கொண்டு வா. ஓடு."

எல்லாக் குரலும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பயமுறுத்துகிற குரல், குழைகிற குரல், அக்கறைக் குரல், அத்தனையும் நானே செய்து பிழைக்கிறவள். இந்தக் குரலை நான் செய்ததில்லை. இதில் என்னிடம் விற்க எதுவும் இல்லை. நான் அங்கே இருப்பதையே அது மறந்துவிட்டிருந்தது.

எங்கேயோ ஒரு பூனைக்குட்டி கத்துவதுபோல் கேட்டது. கணவர் என் கையை நொறுங்கப் பிடித்தார். "பொண்ணு, பொண்ணு" என்று யாரோ சொல்லி, சிவந்து சுருங்கிய ஒரு முகத்தை என் கன்னத்தோடு ஒட்டிக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சூடு கன்னத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. அந்தப் பக்கம் வேலை இன்னும் முடியவில்லை. நெடுநேரம் முடியவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு, டாக்டரம்மா திரையைச் சுற்றிக்கொண்டு என் தலைப்பக்கம் வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கையில் ஒரு எஃகுத் தட்டு.

"கேட்டீங்களே" என்றார்.

தலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். கருஞ்சிவப்பாக, கொழகொழவென்று, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஏதோ கிடந்தது. "இந்தப் பக்கம் பாருங்க. இந்த எடம்தான் வாய்மேல உக்காந்திருந்தது. ஓரம் பிய்ஞ்சிருக்கு பாருங்க."

பார்த்தேன். ஓரமும் தெரியவில்லை, பிய்ந்ததும் தெரியவில்லை. நாக்கு வறண்டு, கண் சொருகிக்கொண்டு கிடக்கிற அந்த நேரத்திலும், இது என்னுடையதுதானா, இல்லை இழுப்பறையில் வைத்திருப்பதா என்று கேட்கத்தான் வாய் துடித்தது. என்னைத் திருத்தவே முடியாது.

"ஓகோ" என்றேன்.

டாக்டரம்மா தலையசைத்துவிட்டுத் தட்டோடு திரும்பி நடந்தார். அப்போதுதான் பார்த்தேன். அவர் செருப்பு இரண்டும் ரத்தத்தில் ஊறியிருந்தன. நடந்த இடமெல்லாம் தரையில் அச்சு விழுந்தது.